பதில் தட்டு

"கயிறு யாரு கையில?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"என் கையில. வேற யாரு கையில இருக்கும்?"

"அப்படி இல்லக்கா. முழுசாச் சொல்லு."

"எட்டி, உன் வீட்டுக்காரன் எறங்குதப்பவும் கயிறு என் கையில, ஏறுதப்பவும் என் கையில. போதுமா? உள்ள போய் மீனக் கழுவு, பூனை நிக்கி."

ஜெசிந்தா போகவில்லை. வள்ளம் மணலை விட்டு விலகும் வரை முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அக்கா மெற்றில்டாவையும் புருஷன் கிளாட்வினையும் மாறிமாறிப் பார்த்தாள். கையாட்டவும் இல்லை.

வெள்ளிக்கரையில் சங்கு குளிக்கிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. கடலுக்குள் போகிறவனின் இடுப்புக் கயிற்றை அவன் மனைவியின் கூடப்பிறந்தவன்தான் மேலே பிடிக்க வேண்டும். கூலிக்குப் பிடிக்கிறவன் கண் அசரலாம். சொந்தத் தம்பிகூடப் பங்கு வீட்டை நினைத்துக் கை தளரலாம். தங்கச்சி தாலி அறுத்துக்கொண்டு வந்து வாசலில் நிற்பாளே என்று நினைக்கிறவனுக்குக் கண் அசராது. ஜெசிந்தாவுக்கு அண்ணன் தம்பி இல்லை. அதனால் கல்யாணமான நாளிலிருந்து கிளாட்வினின் கயிறு மெற்றில்டாவின் கையில். சிலிண்டர் வந்து, முகக்கண்ணாடி வந்து, ரப்பர் உடுப்பு வந்து, மெற்றில்டாவே இறங்கிச் சங்கு குளிக்கக் கற்ற பிறகும் கயிறு மட்டும் போகவில்லை.

"மச்சினன் இல்லாத வீட்டுல மைனி மீசை வச்சுக்கிட்டா" என்று கரையில் கேலி பேசுவார்கள். கிளாட்வினும் சேர்ந்து சிரிப்பான்.

இன்றைக்கும் சிரித்துக்கொண்டுதான் வந்தான். "டாக்டரம்மா, இன்னொரு மட்டம் சொல்லுங்க. எங்க மைனிக்கு வெளங்கல."

"எனக்கு வெளங்கிட்டு. உனக்குத்தான் பயத்துல பல்லு மூட மாட்டேங்கு" என்றாள் மெற்றில்டா.

டாக்டர் கமலினி சென்னையிலிருந்து வந்தவள். கடலுக்குள் இறக்குகிற மைக்கின் வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "அந்த நிலக்கரிக் கப்பலை மீன் தங்குறதுக்காக மூழ்கடிச்சப்போ, உடம்பு முழுக்க ஒரு சாந்து பூசினோம். உயிருள்ள சாந்து. சிப்பி ஓடு கட்டுற மாதிரி அது தன்னைத்தானே கட்டிக்கும். மேலே மிதக்குற சூரியத் தகட்டோட மின்சாரம் என்ஜின் அறை பேட்டரியில சேருது, அங்கிருந்து ஒரு கேபிள் சாந்துக்குப் போகுது, அதனால மேலே அறுத்தாப் போதாது. அந்த மின்சாரத்துலதான் வளருது."

"வளரட்டும். அது ஏன் தட்டணும்?"

"சத்தம் இல்லாத பாறைக்கு மீன் குஞ்சு வராது. இறால் சொடுக்குறது, மீன் பாசியைக் கடிக்கிறது, இதெல்லாம் கேட்டுத்தான் வரும். அதனால சாந்துக்கும் சத்தம் போடக் கத்துக்கொடுத்தோம். சுருங்கி விரிஞ்சு இரும்புல சொடுக்கும். எந்தச் சத்தத்துக்கு உயிர் கிட்ட வந்ததோ அதை வச்சுக்கும். வராத சத்தத்தை விட்டுடும்."

"மனுசன் வந்தாலுமா?"

"அதுக்கு மீன் எது, மனுஷன் எதுன்னு தெரியாதும்மா. உள்ளே வர்றது போடுற கழிவு, உள்ளேயே செத்தா உடம்பு, எல்லாமே அதுக்குச் சாப்பாடு. கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. வெயில் பக்கமாச் செடி சாயுதே, அப்படி."

"செடி சாயட்டும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "என் மகன மாதிரி ஏன் தட்டணும்?"

என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வியாகுலம் அண்ணாச்சி கேட்டார். கமலினி வயரைச் சுற்றுவதை நிறுத்தினாள்.

வெள்ளிக்கரைக்காரர்கள் அந்தக் கப்பலைக் கறுப்பி என்றார்கள். கறுப்பி வந்த பிறகு களவாவும் விளமீனும் ஊளியுமாக மீன் கரையை நிறைத்தது. ஓட்டு வீடுகளுக்கு மாடி ஏறியது. பிறகு ஒரு நாள் வியாகுலத்தின் மகன் தொபியாஸ் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டான். கத்திப் பிடியால் இரும்பில் தட்டினான். இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தட்டு உண்டு. கடலுக்குள் அதுதான் பேச்சு. கேட்டவன் தன் வீட்டுத் தட்டைப் பதிலாகத் தட்டிவிட்டுப் போய்ச் சேர வேண்டும். பதில் தட்டாதவனோடு யாரும் வள்ளம் ஏற மாட்டார்கள். தொபியாஸின் கயிற்றைப் பிடித்திருந்த மச்சினன் பதில் தட்டிவிட்டு இறங்கினான். இரண்டு பேரும் வரவில்லை.

ஆனால் தட்டு நிற்கவில்லை. அடுத்த வாரமும் தொபியாஸின் தட்டு கேட்டது. உயிரோடு இருக்கிறான், ஏதோ காற்றுப் பொந்தில் கிடக்கிறான் என்று இன்னொருவன் போனான். அவனும் வரவில்லை. அவன் தட்டும் சேர்ந்து கேட்டது.

கேபிளை அறுக்கலாம் என்று கமலினி சொன்னபோது ஊர் இரண்டாகப் பிளந்தது. மீன் போய்விடும் என்றார்கள் பாதிப் பேர். வியாகுலமும் வேண்டாம் என்றார், அவருக்கு மீன் கவலை இல்லை. தினம் காலையில் வள்ளத்தை அங்கே நிறுத்தி, அடிப்பலகையில் காதை வைத்துப் படுத்துக்கொள்வார். அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அவரே கமலினியிடம் வந்தார். "அறுத்துருங்க. வள்ளம் நான் விடுதேன்" என்றார்.

கறுப்பிக்கு நேர் மேலே நங்கூரம் போட்டார்கள். தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. காற்று நின்றால் நல்லது என்று சொல்கிற மெற்றில்டாவுக்கு அன்று அந்த அமைதி பிடிக்கவில்லை.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. யாரும் தட்டக் கூடாது. கயிறு மட்டும்தான் பேசணும்" என்றாள் கமலினி. "உள்ளே தட்டுறதைக் கேட்டாலும் பயப்படாதீங்க. அதுக்கும் மனுஷனுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. அது தப்பாவே தட்டாது. ஒரே அழுத்தம், ஒரே இடைவெளி. மனுஷன் களைப்பான், பிசகுவான்."

"எங்க மாப்ள கோவப்படவும் செய்வான்" என்றாள் மெற்றில்டா. "டீ பிந்திட்டுன்னா தம்ளரால மேசையத் தட்டுவான் பாரு, சாமி வந்த மாதிரி."

"அத எதுக்கு இப்ப இழுக்கிய?" என்றான் கிளாட்வின். சிலுவை போட்டுக்கொண்டு வாயில் காற்றுக்குழாயைக் கவ்வினான். கண்ணாடிக்குள் அவன் கண்கள் சிரிக்கவில்லை என்பதை மெற்றில்டா அப்போதுதான் பார்த்தாள்.

இறங்கினான்.

கயிறு கைக்குள் வழுக்கிப் போனது, நின்றது. ஒரு இழுப்பு, சேர்ந்துவிட்டான். அவளும் ஒரு இழுப்பு இழுத்தாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அடியிலிருந்து, காலுக்குக் கீழே பலகை வழியாக, தெளிவாகக் கேட்டது. இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், ஒரு தட்டு. கிளாட்வினின் தட்டு. பத்து வருஷப் பழக்கம், கப்பல் இரும்பைக் கண்டதும் அவன் கை தட்டிவிட்டது.

பத்து வருஷப் பழக்கம் மேலேயும் இருந்தது. வள்ளத்தின் ஓரத்தில் தண்ணீருக்குள் தொங்கிய இரும்புக் கம்பியை மெற்றில்டா எட்டி எடுத்துத் தட்டினாள். மெதுவாக மூன்று. வந்துட்டேன், இருக்கேன்.

"அய்யோ, என்னம்மா பண்ணீங்க!"

மெற்றில்டா தன் கையைப் பார்த்தாள். வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது. "நான் நெனைக்கவே இல்ல. தானாப் போயிட்டு."

"ஒரு தடவைதானே... ஒண்ணும் ஆகாது" என்று கமலினி யாருக்கோ சொல்கிற மாதிரிச் சொன்னாள். காதில் மாட்டியிருந்ததை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

அடியில் மறுபடி கேட்டது. இரண்டு, ஒன்று.

"அவனா?" என்றார் வியாகுலம்.

மெற்றில்டா கயிற்றை ஒரு முறை இழுத்தாள். நல்லா இருக்கேன் என்று கயிறு திருப்பி இழுத்தது. அதே நேரத்தில் அடியில் இரண்டு, ஒன்று. இரண்டு, ஒன்று. கயிறு ஒன்று சொல்ல, கடல் வேறொன்று சொன்னது.

"கயிற நம்பு" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். "மெற்றில்டா, கயிற நம்பு."

அப்போதுதான் கயிறு இளகியது. விறைப்பாக இருந்த கயிறு சேலைத் தலைப்பு மாதிரி கைக்குள் வந்து விழுந்தது. இழுத்தாள். கனமே இல்லை. பிய்ந்த நுனி ஈரமாக மேலே வந்து வள்ளத்துக்குள் கிடந்தது.

மெற்றில்டா தன் சிலிண்டரைத் தூக்கி முதுகில் போட்டாள்.

"நீயும் போனா உன் கயிற யாரு பிடிக்கது?" என்றார் வியாகுலம். "நான் பிடிச்சா உருப்படாது. என் கையி இப்ப அதுக்கு ஆகாது."

மெற்றில்டா கமலினியைப் பார்த்தாள். "இன்னைக்கு நீங்க எனக்கு மச்சினி. என்ன முறைன்னு கேக்காதிய. நான் மூணு இழுப்பு இழுத்தா உயிரக் குடுத்து இழுக்கணும்."

கமலினி கயிற்றை வாங்கி இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

கீழே பச்சை, அதற்கும் கீழே கறுப்பு. மீன்கள் சுவர் மாதிரி நின்றன. மெற்றில்டா வந்ததும் வழிவிட்டன. அவள் போனதும் பின்னால் மூடிக்கொண்டன. கறுப்பி இப்போது கறுப்பாக இல்லை. சுண்ணாம்பு அடித்த தொண்டை மாதிரி வெள்ளையாகக் கதவு திறந்து கிடந்தது. விளிம்பெல்லாம் அரிவாள் முனைபோல் சாந்து வளர்ந்திருந்தது. ஒரு முனையில் கயிற்றின் நார் ஒட்டியிருந்தது. இங்கேதான் அறுந்திருக்கிறது.

உள்ளே போனாள்.

தண்ணீருக்குள் சத்தத்துக்குத் திசை கிடையாது. எங்கிருந்து தட்டினாலும் மண்டைக்குள்ளேயே தட்டுகிற மாதிரித்தான் இருக்கும். கிளாட்வினின் தட்டு அவள் பற்களில் கேட்டது. இரண்டு, ஒன்று. பிறகு தொபியாஸின் தட்டு. பிறகு மற்ற இருவருடையது. நான்கு பேர் ஒரே வீட்டுக்குள்ளிருந்து கதவைத் தட்டுகிற மாதிரி.

'மாப்ள, இதுல நீ எது?' என்று மனசுக்குள் கேட்டாள்.

அப்போது அது தட்டியது. மெதுவாக மூன்று.

அவளுடைய தட்டு. அவள் தட்டவில்லை. கத்தி உறைக்குள் இருந்தது, கை இரண்டும் சும்மா இருந்தன. ஆனால் இருட்டுக்குள்ளிருந்து மெற்றில்டா தட்டினாள். வந்துட்டேன், இருக்கேன்.

அவளுக்கு மூச்சு எகிறியது. குமிழிகள் கூரையில் முட்டி வெள்ளிக்காசு மாதிரி ஓடின. திரும்பிவிடு என்று கால் சொன்னது. கிளாட்வினுக்கும் இது கேட்டிருக்கும் என்று நினைத்தாள். மைனி வந்துவிட்டாள் என்று நம்பி, இந்தத் தட்டின் பின்னால்தானே உள்ளே உள்ளே போயிருப்பான்?

டார்ச் வெளிச்சத்தில் ஒரு துடுப்புக்கால் தெரிந்தது. நீச்சலுக்குக் காலில் மாட்டுவது. ஒரு மஞ்சள் பட்டை தவிர முழுக்கச் சாந்து மூடி, சுவரிலிருந்து முளைத்த இலை மாதிரி இருந்தது. அது தொபியாஸுடையது, மஞ்சள் பட்டை ஒட்டியவன் கரையில் அவன் ஒருவன்தான். மெற்றில்டா கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வழி இரண்டாகப் பிரிந்தது. இரண்டு பக்கமும் தட்டியது.

கை கத்திப் பிடிக்குப் போனது. ஒரே ஒரு பதில் தட்டுத் தட்டினால் போதும், அவன் திருப்பித் தட்டுவான் என்றது கை. அவள் அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். பதில் சொல்லாமல் நிற்பது எவ்வளவு பெரிய பாவம் என்று சின்ன வயதிலிருந்து அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். பாவம்தான். நின்றாள்.

இரண்டு, ஒன்று. இரண்டு, ஒன்று. பிசகே இல்லை.

மூன்று. மூன்று.

பிறகு, எல்லாவற்றுக்கும் அடியில், சன்னமாக ஒன்று. இரண்டு தட்டு, நிறுத்தம், அப்புறம் ஒன்றும் இல்லை. மறுபடி ஒன்று. நீளமான நிறுத்தம். அப்புறம் படபடவென்று, கணக்கே இல்லாமல், டீ பிந்திய மேசையில் தம்ளர் விழுகிற மாதிரி. பிறகு இரும்பைச் சுரண்டுகிற சத்தம். பிறகு ஓய்ந்த ஒரு தட்டு.

'ஏல, நீதானா!'

சுவரோரம் சாந்து ஏறாத ஒரு செம்புக் குழாய் ஓடியது. அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். வலப்பக்கம் அதிர்ந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனாள். சாந்து பெயர்ந்து விழுந்து ஒரு இரும்புக் கதவை முக்கால்வாசி அடைத்திருந்தது. இடுக்கில் ஒரு கை, விரலில் மோதிரம். ஜெசிந்தா போட்ட மோதிரம்.

எப்படிக் கட்டிகளைப் பெயர்த்தாள், எப்போது தன் காற்றுக்குழாயைப் பிடுங்கி அவன் வாயில் திணித்தாள் என்பதெல்லாம் அவளுக்குப் பிறகு ஞாபகம் இல்லை. அவன் இரண்டு மூச்சு, அவள் இரண்டு மூச்சு. தன் இடுப்புக் கயிற்றை மூன்று முறை இழுத்தாள். கயிறு அவர்கள் இருவரையும் வெடுக்கென்று பின்னால் இழுத்தது. வழி முழுக்க அவளுடைய தட்டு அவளைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தது.

வள்ளத்தில் கிளாட்வின் குப்புறக் கிடந்து தண்ணீரைக் கக்கினான். கமலினியின் உள்ளங்கைகளில் கயிறு தோலை உரித்திருந்தது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "மச்சினி நல்லா இழுத்தேனா?"

"இழுத்திய தாயே, இழுத்திய" என்று மெற்றில்டா அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வியாகுலம் கிளாட்வினின் முதுகைத் தேய்த்தார். கேட்கலாமா கூடாதா என்று தயங்கி, கடைசியில் கேட்டேவிட்டார். "அறுத்தியாப்பா?"

கிளாட்வின் இல்லை என்று தலையை ஆட்டினான். "அறுக்க அங்க ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

"என்ன ஒண்ணும் இல்ல?"

"கேபிளு எப்பவோ அறுந்து கெடக்கு. நுனியில சாந்து மூடி, மேல சிப்பி வளந்துட்டு. வருசமாயிருக்கும். அதப் பாத்துட்டுத் திரும்புதேன், மைனி தட்டுத சத்தம் கேக்கு. பின்னாலயே போனேன்."

கமலினியின் சிரிப்பு நின்றது. "வருஷமாவா? அப்போ மின்சாரம் இல்லாமலேயா..." வாக்கியத்தை முடிக்காமல் தண்ணீரைப் பார்த்தாள். பாக்கியை வியாகுலம் புரிந்துகொண்டார். அது எதைத் தின்று வளர்ந்தது என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கமலினி மெற்றில்டா பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள். "அத்தனை தட்டுல இவர்தான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நீங்க சொன்னதுதான். தப்பாத் தட்டுனான். கோவத்துல தட்டுனான், களைச்சுத் தட்டுனான். அதத்தான் பிடிச்சுக்கிட்டுப் போனேன்."

"அந்தத் தட்டுக்கு நீங்க போனீங்க."

"ஆமா."

"மத்த தட்டுக்கெல்லாம் போகலை. இதுக்குப் போனீங்க."

"ஆமான்னுதானே சொல்லுதேன்" என்றாள் மெற்றில்டா. சொல்லி முடிக்கும்போதே, உயிர் கிட்ட வந்த சத்தத்தை அது வைத்துக்கொள்ளும் என்று கமலினி சொன்னது நினைவுக்கு வந்தது.

"வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்" என்றாள் கமலினி. உரிந்த கைகளை மடியில் மூடிக்கொண்டாள். "இனிமே யாராவது உள்ளே மாட்டினா..."

"பேசாதீங்க" என்றார் வியாகுலம். "கேளுங்க."

மைக் தேவைப்படவில்லை. அடிப்பலகை வழியாக எல்லோருக்கும் கேட்டது. இரண்டு தட்டு, நிறுத்தம், ஒன்றும் இல்லை. மறுபடி ஒன்று. அப்புறம் படபடவென்று கணக்கில்லாமல். இரும்பைச் சுரண்டும் சத்தம். பிறகு, உயிர் போகிற நேரத்துத் தட்டு, ஒன்று.

கிளாட்வின் எழுந்து உட்கார்ந்தான். "மைனி, அது நான். நான்ல தட்டுதேன்."

"என்ஜின எடுங்க அண்ணாச்சி" என்றாள் மெற்றில்டா.

வியாகுலம் எடுக்கவில்லை. பழக்கதோஷத்தில் குனிந்து பலகையில் காதை வைத்திருந்தார். தன் மகன் இப்போது எப்படித் தட்டுவான் என்று அவர் காத்திருக்கிறார் என்பது மெற்றில்டாவுக்குத் தெரிந்தது. அது பிசகாமல் தட்டிக்கொண்டிருந்தவரை அவரால் தாங்க முடிந்தது.

அடியில் மறுபடி தொடங்கியது. இந்த முறை இன்னும் சன்னமாக.

மணிக்கட்டில் ஏதோ சில்லென்று இறுகியது. மெற்றில்டா குனிந்து பார்த்தாள். அவள் கையில் இரும்புக் கம்பி இருந்தது. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. தண்ணீருக்கு மேலே ஓங்கியிருந்த அந்தக் கையைக் கிளாட்வின் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மைனி, நான் இங்கன இருக்கேன். என்னப் பாருங்க. என் முகத்தப் பாருங்க."

பார்த்தாள். நனைந்த தலை, நீலம் பாய்ந்த உதடு, ஜெசிந்தாவின் மோதிரம். அவன்தான். கடலுக்கடியில் அவன் தட்டிக்கொண்டிருந்தான், யாரும் வராமல் களைத்துக்கொண்டிருந்தான். அவள் கை இன்னும் தண்ணீர்ப் பக்கம்தான் இழுத்தது.

"பாத்துட்டேன் மாப்ள" என்றாள். "கைய மட்டும் விட்டுராத."